ஐந்தாம் தரத்தில் மருமகள் இல்லை

சங்கரபாண்டியன் தன் கொழுந்தியாளை வாடகைக்குக் குடியிருப்பவள் என்று ஒப்புக்கொண்டு கட்டைவிரலை வைத்தபோது, மிருதுளாவுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. காலையிலிருந்து அப்படி எத்தனையோ விரல்களை வாங்கியிருந்தாள். திரையில் பச்சை விளக்கு எரிந்தது. முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்தது அண்ணாச்சி என்றாள். அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"அவளுக்கு இது தெரிய வேண்டாம்மா. அவ அக்கா, எம் பொண்டாட்டி சுந்தரி செத்ததுல இருந்து எம் பிள்ளையளை அவதான் வளக்கா. வீட்டுக்குத் தகவல் கிகவல் எதுவும் அனுப்பிராதீய."

மிருதுளா தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

பாளையங்கோட்டைப் பதிவு மையத்தில் அப்போது எல்லாருக்கும் இதே வேலைதான். நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இல்லப் பதிவு இருந்தது. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மின்வாரியம் எல்லாம் அந்த ஒரே பதிவைத்தான் படித்தன, அதிலேயேதான் எழுதின. அட்டையையும் காகிதத்தையும் தூக்கிக்கொண்டு யாரும் அலைய வேண்டியதில்லை. இதுவரை பதிவு நான்காம் தரத்தில், அதாவது நான்காம் பதிப்பில், இருந்தது. அதில் உறவு என்ற கட்டத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். இப்போது ஐந்தாம் தரம் வந்திருந்தது. அது எழுதியதை நம்பாது, சரிபார்க்கும். பிறப்பால் வந்த உறவை அது அழிக்காது. திருமணத்தால் வந்த உறவோ, கணவனோ மனைவியோ கண்மூடிய அன்றே முடிந்துவிடும். அந்தக் கல்யாணத்தைப் பிடித்துக்கொண்டு வந்த மாமியார், மச்சான், கொழுந்தியாள் எல்லாரும் அன்றோடு அந்நியர்கள். அந்நியர் ஒருவர் வீட்டில் இருந்தால் ஏன் என்று பதிவு கேட்கும். பதிலையும் அதுவே எடுத்துக் கொடுக்கும். விரலை மட்டும் நாம் வைத்தால் போதும்.

மாற்றத்தை மேற்பார்வையிடத் தலைமையகத்திலிருந்து அருண்பிரசாத் என்ற இளம் அதிகாரி வந்திருந்தார். கெட்டவர் இல்லை. வயதானவர்களிடம் போலி மருமகன்களும் போலிப் பேத்திகளும் ஒட்டிக்கொண்டு வீட்டை எழுதி வாங்கிய கதைகளை அவர் நேரில் பார்த்திருக்கிறார். அதனால்தான் புதிய தரம் என்பார். அவருக்கு இந்த ஊர்தான் பிடிபடவில்லை. நான்காம் தரம் வந்த காலத்தில் இந்த மையத்து ஆட்கள், என்ன உறவு என்று கேட்பதற்குப் பதிலாக, அவர்களை நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டுத் தொலைத்திருந்தார்கள். ஜனங்களும் வாய் நிறையச் சொல்லியிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் சித்தப்பா, தையல் கடைக்காரி மதினி, ஆட்டோ ஓட்டுகிறவர் மாமா. சரிபார்த்தால் இந்த மாவட்டத்தில் பிழை இல்லாத வீடே இல்லை. "ஒரே தெருவில ஒருத்தருக்கு முப்பது அத்தை இருக்காங்க மேடம். எப்படி சாத்தியம்?" என்று ஒருநாள் தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டார். மையமே சிரித்தது. மிருதுளாவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்கியதும்தான் ஜோயல் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டான்.

ஜோயல் அடுத்த மேசைக்காரன். பேச்சு கொஞ்சம், தேநீர் வாங்கி வந்தால் அவளுக்கு மட்டும் சர்க்கரை குறைவாக வாங்கி வரும் ஞாபகம் நிறைய. மையத்துப் பெண்கள் இதைக் கவனித்து, கவனிக்காததுபோல் இருந்தார்கள். மிருதுளாவும் அப்படித்தான் இருந்தாள்.

"இது உன் வரிசையில வந்துச்சு. நான் எடுத்து வச்சுக்கிட்டேன்," என்று திரையை அவள் பக்கம் திருப்பினான்.

சுபாஷினி, ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. உறவினர்: இல்லை. உடன் வசிப்பவர்: மிருதுளா. உறவை நிறுவ முடியவில்லை. பரிந்துரை: வீட்டுப் பணியாளர்.

மிருதுளா அதை இரண்டு முறை படித்தாள். கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பழுதுபார்க்கப் போன கணவன் தர்ஷன் ஒரு புயலில் திரும்பி வராமல் போன பிறகு, சிவகாசியிலிருந்து அம்மா வந்து கூப்பிட்டாள். போகவில்லை. முதலில், மகனைப் பறிகொடுத்த அத்தையை எப்படித் தனியாக விடுவது என்று நினைத்தாள். அப்புறம் அப்படி எதுவும் நினைக்கவில்லை. அது அவள் வீடு, அவ்வளவுதான். இரண்டு பேரும் சண்டை போட்டார்கள், கபடி பார்த்தார்கள், ஒரே சோப்பை யார் தண்ணீரில் ஊறவிட்டது என்று பேசாமல் இருந்தார்கள், பிறகு பேசினார்கள்.

"சரின்னு அழுத்தலைன்னா?" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்காரன் நம்ம பதிவைத்தான் பாப்பான். உறவு இல்லைன்னா கையெழுத்து உன்கிட்ட வாங்க மாட்டான். பதிவே ஒரு பொதுப் பொறுப்பாளரை நியமிச்சிரும்," என்றான் ஜோயல். "ஆளு கூட இல்ல. அதுவும் ஒரு கம்ப்யூட்டர் நிரல்தான். ஆபரேஷன் செய்யவா வேண்டாமான்னு அதுதான் முடிவு செய்யும். உன்னை வார்டு வாசலுக்குள்ளகூட விடமாட்டாவ."

ஆபரேஷன் என்ற சொல்லை அவன் சும்மா எடுக்கவில்லை. சுபாஷினி டீச்சரின் இதயத்தில் வால்வு ஒன்று கெட்டுப்போயிருந்தது. மாற்றித்தான் ஆக வேண்டும், ஐப்பசிக்குள் முடித்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயது, செலவு, பிழைக்கும் வாய்ப்பு என்று ஒரு நிரல் கூட்டிக் கழித்துப் பார்த்தால் என்ன முடிவுக்கு வரும் என்று மிருதுளாவுக்குத் தெரியும். அவளும் அந்தத் துறையில்தானே இருக்கிறாள்.

வீட்டில் சுபாஷினி விசில் ஊதித்தான் சாப்பிடக் கூப்பிடுவார். எத்தனையோ கபடி ஆட்டங்களை அடக்கிய விசில் அது. இப்போது ஒரு தடவை ஊதினால் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது, ஆனாலும் விடவில்லை. மிருதுளா சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் முதலில் சிரித்தார்.

"வேலைக்காரியா? நீ துவைக்கப் போட்ட துணியை நேத்து மடிச்சு வச்சது யாரு? நான்தான் உனக்கு வேலைக்காரின்னு எழுதச் சொல்லு. அதுலயாவது கொஞ்சம் உண்மை இருக்கும்."

"அத்தே, விளையாடாதீங்க. சரின்னு வச்சிருவோம். பணியாளர்னா வார்டுக்குள்ளயாவது விடுவாங்க. பேருல என்ன இருக்கு?"

டீச்சர் சிரிப்பை நிறுத்தினார். தட்டைத் தள்ளி வைத்தார். "பேருல ஒண்ணும் இல்லைன்னா அவங்க ஏன் பிள்ளே இவ்வளவு மெனக்கெட்டு மாத்துதாங்க?" என்று கேட்டார். மிருதுளா தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாள் டீச்சர் மையத்துக்கே வந்துவிட்டார். படியேறியதில் முகம் வெளுத்திருந்தது. அருண்பிரசாத் எழுந்து நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பணியாளர் என்பது சங்கடமாக இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது என்றார். வயதுவந்தவரைத் தத்தெடுக்கப் புதிய சட்டம் இடம் கொடுக்கிறது. மகள் என்று பதிந்துகொள்ளலாம். மகள் என்றால் பிறப்பு வழி. எந்தக் காலத்திலும் அறுபடாது.

"மகள்," என்று சொல்லிப் பார்த்தார் டீச்சர். அவர் கண் கலங்கியதை மிருதுளா பார்த்தாள். டீச்சர் கட்டைவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

திரையில் 'சரி' என்று ஒரு பொத்தானும் 'பிறகு' என்று ஒரு பொத்தானும் இருந்தன. 'இல்லை' என்ற பொத்தான் கிடையாது. அவற்றுக்குக் கீழே, மடித்து வைத்த ஒரு வரி: விளைவுகள். அதைத் திறந்தால் நேரமாகும், வரிசை நீளும், திறக்க வேண்டாம் என்று மையத்தில் எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள். மிருதுளா இதுவரை ஒருவருக்கும் திறந்து காட்டியதில்லை. இப்போது அவள் கை தானாகப் போய் அதைத் திறந்தது.

"அத்தே, கொஞ்சம் பொறுங்க," என்றவள், உரக்க வாசித்தாள். "மிருதுளா, சுபாஷினியின் மகள். தர்ஷன், சுபாஷினியின் மகன். ஆகவே மிருதுளாவும் தர்ஷனும் உடன்பிறந்தோர். உடன்பிறந்தோருக்கு இடையே திருமணப் பதிவு காணப்படுகிறது. அது செல்லாது. நீக்கப்படும்."

டீச்சர் விரலை எடுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டார்.

"அவளைக் கட்டுறதுக்காக எம்மவன் என்கிட்ட பத்து நாளு பேசாம இருந்தான் தம்பி," என்றார் அதிகாரியிடம். குரல் உயரவே இல்லை. "அந்தக் கல்யாணத்தை நான் அழிக்கவா? அவன் போயிட்டான். அவன் வாழ்ந்ததுன்னு மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான்."

மகள் மாதிரிதானே மேடம் என்றார் அவர்.

"மாதிரி எல்லாம் வேண்டாம். இவ எனக்கு மருமவ. மருமவன்னா அதுல என்ன குறைச்சல்? மகளா ஏத்தம் குடுத்தாத்தான் மதிப்பீங்களோ?" என்று கேட்டவர், எழுந்து நின்று 'பிறகு' என்ற பொத்தானை அழுத்தினார். "நாளைக்கும் பிறகுதான். அதுக்கு மறுநாளும் பிறகுதான்."

மாற்றத்துக்கான கெடு முடியும் நாளில் இப்படி நிற்கும் பதிவுகளுக்கு எல்லாச் சேவையும் நின்றுவிடும் என்று அருண்பிரசாத் வருத்தத்தோடுதான் சொன்னார். கெடுவுக்குப் பிறகு தேதி கிடைத்திருக்கும் ஆபரேஷனும் அதில் அடக்கமா என்று டீச்சர் கேட்டார். அவர் தரையைப் பார்த்தார்.

டீச்சரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்த மிருதுளா, இது தற்கொலைக்குச் சமம் என்று ஜோயலிடம் பொரிந்தாள். அத்தை தன் உயிரை வைத்துக் கபடி ஆடுகிறார் என்றாள். ஜோயல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"பகிர்ந்த பதிவுல ஒரு சங்கதி உண்டு மிருது. ஒருத்தர் பழைய தரத்துல இருக்கிற வரைக்கும், அவங்களைப் படிக்கிற எல்லாரும் பழசைப் படிக்கத் தெரிஞ்சு வச்சிருக்கணும். ஒரு வீடுன்னா ஒதுக்கித் தள்ளிட்டுப் போயிருவாங்க. ஒரு மாவட்டமே பிறகு பிறகுன்னு நின்னா? நம்ம ஊருப் பொண்ணு மதுரைல வாக்கப்பட்டிருக்கு. நம்ம பையன் ஓசூர்ல இருக்கான். எல்லார் பதிவும் நம்ம பதிவோட கோத்துக் கிடக்கு. பழசை மூடினா அங்கயும் நிக்கும். மூட முடியாது."

"மாவட்டத்துக்கே யாரு சொல்றது?"

"நீ சொல்ல வேண்டாம். வாசி. இன்னைக்கு அவங்களுக்கு வாசிச்ச மாதிரி."

அன்று பிற்பகலிலிருந்து மிருதுளா வாசிக்க ஆரம்பித்தாள். விதியை அவள் மீறவில்லை. விளைவுகளைக் காட்டக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை, நேரமாகும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். நேரமானது. நீட்டிய விரல்கள் பாதி வழியில் நின்றன. இறந்துபோன தம்பியின் பெண்டாட்டியைப் பணியாளராக்க இருந்தவர் வாசித்ததைக் கேட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். நாத்தனாரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த ஒரு விதவை, இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கழிச்சல்ல போவான், எவன் எழுதினது இதை?" என்று பிறகை அழுத்திவிட்டுப் போனாள். ஜோயலும் வாசித்தான். மூன்றாம் மேசை செல்வராணி அக்கா, "எனக்கும் தொண்டை இருக்குல்லா," என்று தானும் சேர்ந்துகொண்டாள்.

இன்னொரு பக்கம் சுபாஷினி டீச்சர் வீட்டிலிருந்தபடியே போனை எடுத்தார். அவரிடம் கபடி ஆடிய பெண்கள் மாவட்டம் முழுக்க இருந்தார்கள். அம்பாசமுத்திரத்தில் ஒருத்தி போலீஸ், வள்ளியூரில் ஒருத்தி ரேஷன் கடை, களக்காட்டில் ஒருத்தி பஞ்சாயத்துத் தலைவி. ஒவ்வொருத்தியிடமும் நாலு வார்த்தை பேசுவார், மூச்சு வாங்குவார், அடுத்த எண்ணைப் போடுவார். மிருதுளா போனைப் பிடுங்கி வைத்தாள். டீச்சர் விசிலை எடுத்து அவளை மிரட்டினார். ஊத மூச்சு வரவில்லை. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மிருதுளா மட்டும் அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் காலையில் சங்கரபாண்டியன் மையத்துக்கு வந்தார். கூடவே ஒரு பெண்மணி. ஒல்லியாக, கறாரான முகத்தோடு இருந்தாள். மிருதுளாவுக்கு யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வச்ச விரலை எடுக்க முடியுமாம்மா?" என்றார் அவர். "இவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"ரேஷன் கடைல அரிசி போடும்போது குடித்தனக்காரிக்குத் தனியான்னு கேக்கான்," என்றாள் அந்தப் பெண்மணி. "நான் இவருக்கு என்ன வாடகை குடுக்கணும்னு கேட்டுச் சொல்லுங்கம்மா. இவரு பிள்ளையளுக்குப் பேன் பார்த்ததைக் கழிச்சுக்கிட்டுச் சொல்லுங்க." சங்கரபாண்டியன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கெடுவுக்கு முன்னால் வைத்த விரலைத் திரும்பப் பெறலாம் என்றும் ஒரு விதி இருந்தது. அதையும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. மிருதுளா சொன்னாள். பச்சை விளக்கு அணைந்து மஞ்சளானது. அன்று மாலைக்குள் பழைய விரல்களைத் திரும்ப வாங்க வந்தவர்களின் வரிசை தெருமுனை தாண்டிப் போயிற்று.

அருண்பிரசாத் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். மேலிடத்திலிருந்து கேட்கிறார்கள், வாசிப்பதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அவர் கெஞ்சுவதுபோல்தான் இருந்தது.

"நான் பொய்யா எதையாவது வாசிச்சேனா சார்?"

"இல்லை."

"அப்ப நீங்களே ஒருதடவை உங்க வீட்டுப் பதிவை வாசிச்சுப் பாருங்க."

பணியிடைநீக்க உத்தரவை மறுநாள் அவரே கொண்டுவந்து கொடுத்தார். விசாரணை முடியும்வரை தற்காலிகம் என்று அதில் இருந்தது. மிருதுளா வாங்கிக்கொண்டு, மேசையிலிருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் நாற்காலியில் செல்வராணி அக்கா உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியது வாசல்வரை கேட்டது.

கெடு முடிந்த நாளன்று நான்காம் தரத்தை மூடினார்கள். காலையில் மூடியது மதியத்துக்குள் மதுரையைத் தொட்டது. அங்கே பிரசவத்துக்குச் சேர்ந்த ஒரு பெண்ணின் பதிவு திறக்கவில்லை. அவள் பிறந்த வீடு திசையன்விளை. ஓசூரில் தொழிற்சாலை வாசல் ஒருவனை உள்ளே விடவில்லை; அவன் அண்ணன் நாங்குநேரி. கோத்துக் கிடந்த எல்லாம் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டு நின்றன. அன்று முழுவதும் டீச்சர் கட்டிலில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அதுவும் பதிவைத்தான் கேட்கும். மிருதுளா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்காரி என்றே விரல் வைத்திருந்தால் இந்நேரம் ஆம்புலன்ஸாவது வந்திருக்கும் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பை டீச்சர் எப்படியோ பார்த்துவிட்டார்.

"பயமா இருக்கா?"

"ஆமா அத்தே."

"எனக்கும்தான்," என்றார். "ஆனா தோத்த மாதிரி இல்ல."

இருட்டுவதற்கு முன் ஜோயலிடமிருந்து செய்தி வந்தது. நான்காம் தரத்தின் பழைய ஜன்னலைத் திரைகளில் மறுபடி திறந்துவிட்டார்கள். தற்காலிகமாகத்தான் என்று அறிக்கையில் அழுத்தி எழுதியிருந்தார்கள்.

இன்றைக்கு வரை அது தற்காலிகமாகவே இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சேர்க்கை மேசையில் இருந்த பெண், நெல்லைப் பதிவு என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டாள். பளபளப்பான புதுத் திரையை ஓரம் தள்ளிவிட்டு, சாம்பல் நிறப் பழைய ஜன்னலைத் திறந்தாள். இந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் இப்படித்தான் செய்ய வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த டீச்சருக்கு அதைக் கேட்டு மூச்சுத்திணறல்கூடக் குறைந்துவிட்டதுபோல் முகம் மலர்ந்தது.

கையெழுத்துப் போடுபவர் யார் என்று கேட்டாள். மிருதுளா. உறவு? மருமகள். அந்தப் பெண் தட்டினாள். பதிவு வாங்கிக்கொண்டது.

இன்னொருவர் பெயரும் வேண்டும், இவர் வீட்டுக்குப் போகிற நேரத்தில் கூப்பிட்டால் வருகிற மாதிரி என்றாள். மிருதுளா யோசிப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார். "ஜோயல்னு போடும்மா." சற்றுத் தள்ளி, டீச்சரின் பையையும் வெந்நீர் குடுவையையும் வைத்துக்கொண்டு நின்ற ஜோயல் நிமிர்ந்து பார்த்தான்.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

டீச்சர் வாயைத் திறந்தார். ஊரில் எல்லாருக்கும் முறை வைத்துக் கூப்பிட்டவருக்கு முதல்முறையாகச் சொல் கிடைக்கவில்லை. மருமகளைப் பார்த்தார். "என்ன பிள்ளே போடலாம்? நீயே சொல்லு."

மிருதுளா ஜோயலைப் பார்த்தாள். அவன் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அது முன்பே இறுகித்தான் இருந்தது. அவன் காது சிவந்திருந்தது.

"காலியா விடுங்க," என்றாள் மேசைப் பெண்ணிடம். "அவரு இன்னும் கேக்கவே இல்ல."

டீச்சர் கழுத்தில் தொங்கிய விசிலைத் தேடி எடுத்தார். ஊதவில்லை. அதை ஜோயலை நோக்கி ஒருமுறை ஆட்டிக் காட்டினார், அவ்வளவுதான்.

அந்தப் பெண் ஒரு கணம் தயங்கினாள். புதிய தரத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கமே வராது. அந்தப் பழக்கத்தில் பயந்துகொண்டேதான் பொத்தானை அழுத்தினாள்.

பழைய ஜன்னல் எதையும் கேட்கவில்லை. காலி இடத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திறந்தது.